ஸ்மார்ட்ஃபோனில் வானொலி நேர்காணலும் நேரலையும்: மைக் ஒயர் முதல் ஸ்டுடியோ மிக்சர் வரை

வெளியிலிருந்து ஃபோன் வழியே வரும் குரல் வானொலியில் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் கேட்டால், குற்றம் பெரும்பாலும் ஃபோனுடையதல்ல, 'கால்' போட்டதுதான். பழைய வகைத் தொலைபேசி அழைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டும் எடுத்துச் செல்லும். பண்பலை ஒலிபரப்போ 15 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். 'ஸ' ஒலியின் கூர்மை 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அழைப்பில் அது அறுந்துபோவதால்தான் ஃபோனில் பெயர் சொல்லும்போது எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் 4ஜி வோல்ட்இ (4ஜி வழியாகவே போகும் அழைப்பு) இருந்தால் 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். இது எவ்வளவோ தேவலாம். ஆனால் ஸ்டுடியோவில் எடுப்பது பழைய லேண்ட்லைன் என்றால் மறுபடியும் 3400-தான்.

அதே ஃபோனை ஒலிப்பதிவுக் கருவியாகவோ, டேட்டா வழியே ஒலி அனுப்பும் கருவியாகவோ பயன்படுத்தினால் ஸ்டுடியோவுக்கு அருகில் வரும் தரம் கிடைக்கும். சமுதாய வானொலி, கல்லூரி வானொலி நடத்துகிறவர்கள் நாலைந்து ஆயிரம் ரூபாய்ச் சாமான்களோடு இதை எப்படிச் செய்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

நேரலை வேண்டுமா?

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேரோட்டம், மாட்டுப்பொங்கல் விளையாட்டு, மழை நிலவரம், கடல் நிலவரம் ஆகியவற்றுக்கு நேரலை பொருந்தும். ஒரு விவசாயியோடு அரை மணி நேரம் பேசுவதை நேரலையாக்குவதில் லாபமில்லை. பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, பன்னிரண்டு நிமிடமாக்கிப் போடுங்கள், கேட்பவருக்கும் நல்லது. இந்தியாவில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே தரலாம், அவ்வளவே. திருவிழா, விளையாட்டு, வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, குடிநீர், மின்தடை அறிவிப்பு போன்றவை செய்தியாகக் கருதப்படாதவை. களத்துக்குப் போகும் நிருபருக்கு இந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும். நேரலையில் வாய் தவறினால் வெட்ட முடியாது.

மைக்: ஒரு சாண் கணக்கு

ஃபோனின் சொந்த மைக் மோசமானதல்ல, அது இருக்கும் தூரம்தான் மோசம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். சுற்றுப்புற இரைச்சல் அப்படியே இருக்கும். எனவே எந்த ஆப்பைவிடவும் ஒரு சாண் தூரம்தான் பெரிய இரைச்சல் நீக்கி. ஃபோனின் பேச்சு மைக் அடிப்பக்கம், சார்ஜர் துளைக்கு அருகில் இருக்கும். அந்த முனையைப் பேசுபவரின் வாய்க்கு ஒரு சாணில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே பிடித்தால் 'ப்பா', 'ப்பு' எல்லாம் காற்றாக வெடிக்கும். விரல் மைக் துளையை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பதிவுகள் 'கம்பளிக்குள் பேசியது போல' வருவது இதனால்தான்.

வெளி மைக் வாங்குவதென்றால் முதலில் காலர் மைக். போயா பிஒய்-எம்1 போன்ற ஒயர் காலர் மைக்குக்கு 6 மீட்டர் ஒயர் இருக்கும். அதன் பெட்டியில் உள்ள ஸ்விட்ச் ஃபோன் நிலையில் இருக்க வேண்டும். கேமரா நிலையில் விட்டுவிட்டு 'மைக் ரிப்பேர்' என்று கடைக்கு எடுத்துப்போகிறவர்கள் உண்டு. சட்டையின் இரண்டாவது பொத்தான் அருகே குத்துங்கள். பட்டுச்சேலையில் குத்தினால் சரசரப்பு நிற்கவே நிற்காது, கழுத்துச் சங்கிலி ஆடி மைக்கில் மோதும். பேசுபவரிடம் முன்கூட்டிச் சொல்லி, சங்கிலியைச் சேலைக்குள் விட்டுக்கொள்ளச் செய்யலாம்.

நின்றபடியே இருவர் பேசும் நேர்காணலுக்குக் கைமைக் சிறந்தது. அதிலும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வாங்கும் டைனமிக் மைக். எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ50, ஷ்யூர் எஸ்எம்63 இந்த வகை. எஸ்எம்58 போல முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக்குகள் மேடைக்கு அருமை. களத்தில் கை சற்றுத் திரும்பினாலே குரல் மங்கிவிடும், காற்று இரைச்சலும் அதிகம் வாங்கும். எதுவானாலும் மைக்கை விருந்தினர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம், அதை ஆட்டிக்கொண்டே பேசுவார்.

இணைப்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபோனின் 3.5 மில்லிமீட்டர் ஜாக் நான்கு வளையப் பகுதி கொண்டது: இடது, வலது, எர்த், மைக். கேமராவுக்கான மைக்கில் மூன்றுதான். அதைச் செருகினால் ஃபோன் ஹெட்போன் என்று நினைத்துத் தன் சொந்த மைக்கிலேயே பதிவுசெய்துகொண்டிருக்கும். திரையில் ஒலி அளவு காட்டும் மீட்டரும் ஆடும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். மைக் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். மீட்டர் துள்ளினால் அந்த மைக்தான் வேலை செய்கிறது. துள்ளாவிட்டால் மூன்றை நான்காக்கும் அடாப்டர் வேண்டும். எக்ஸ்.எல்.ஆர் மைக்கை (மூன்று முள் செருகி கொண்ட ஸ்டுடியோ வகை) வெறும் ஒயர் மாற்றி நேரே ஃபோனில் செருகாதீர்கள். ஐரிக் ப்ரீ போன்ற சிறு முன்பெருக்கி வழியாகவோ யூ.எஸ்.பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகவோ கொண்டுவாருங்கள்.

ஜாக் இல்லாத ஃபோன் என்றால் டைப்-சி அடாப்டர், அதிலும் உள்ளே ஒலிமாற்றி சிப் உள்ளதாக வாங்குங்கள். சிப் இல்லாத மலிவு அடாப்டர் சில ஃபோன்களில் மட்டுமே வேலை செய்யும். சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில், வெளிக் கருவியை ஏற்கும் ஓ.டி.ஜி வசதியைச் செட்டிங்ஸில் போட வேண்டும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் அதுவே அணைந்தும்விடும்.

புளூடூத் இயர்பட் வேண்டாம். மைக் இயங்கும் நேரத்தில் பெரும்பாலும் அது தொலைபேசித் தரத்துக்கு, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு, இறங்கிவிடும், தாமதமும் சேரும். அவசரத்துக்கு ஃபோனோடு வந்த ஒயர் இயர்போனே மேல். அதன் மைக்கைத் தாடை ஓரமாக, சட்டைக் காலரில் உரசாமல் பிடித்தால் போதும்.

கடற்கரையில் பஞ்சு உறை போதாது, மேலே ரோம உறை வேண்டும். இல்லாத பட்சத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று உங்கள் உடம்பையே மறைப்பாக்குங்கள். பாம்பன், நாகப்பட்டினம் பக்கம் மாலைக் காற்றில் திறந்த மணல்வெளியில் நின்று பேசுவதைவிட, நிறுத்திய படகின் மறைவில் உட்கார்ந்து பேசினால் கடலோசையும் கிடைக்கும், பேச்சும் புரியும்.

பதிவு செய்து அனுப்பும் வழி

பதிவு ஆப்பில் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு), 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 5.76 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 346 மெகாபைட் ஆகும். ஐஃபோனின் வாய்ஸ் மெமோஸில் ஒலித்தரத்தை 'லாஸ்லெஸ்' ஆக்கலாம். ஆண்ட்ராய்டில் ஈஸி வாய்ஸ் ரெக்கார்டர் வேவ் தரும். தானாக ஒலி கூட்டும் வசதி, இரைச்சல் நீக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். முதலாவது, பேச்சு நிற்கும் இடைவெளியில் பின்னணி இரைச்சலை மேலே தூக்கும். பேச்சு தொடங்கியதும் அமுக்கும். கேட்பவருக்கு யாரோ மூச்சு விடுவதுபோலிருக்கும். இரண்டாவது, பறையையும் நாதஸ்வரத்தையும் இரைச்சல் என்று முடிவுகட்டி அரித்துவிடும்.

அளவு பார்க்கும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும் (மீட்டரில் பூஜ்யம்தான் மேல் எல்லை). ஆனால் சோதனையில், 'காலையில் என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்கும்போது எவரும் அடக்கமாகத்தான் பேசுவார்கள். விஷயம் சூடானதும் குரல் உயரும். அதனால் சோதனையில் மைனஸ் 18-ல் நிறுத்துங்கள். குறைவாகப் பதிவானதைக் கூட்டிக்கொள்ளலாம், உச்சத்தில் வெட்டுப்பட்டுக் கொரகொரத்ததை யாராலும் திருத்த முடியாது.

பதிவைத் தொடங்குமுன் 'இது வானொலிக்காகப் பதிவாகிறது' என்று சொல்லி, அவர் சம்மதத்தையும் பெயர், ஊரையும் அவர் குரலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஓசையை மட்டும் பதியுங்கள். எடிட் செய்யும்போது வெட்டிய இடங்களுக்கு அடியில் விரிக்க அதைவிட நல்ல பாய் கிடையாது.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாகப் பேசி அனுப்பாதீர்கள், அது ஒலியை நசுக்கிவிடும். கோப்பை 'டாக்குமென்ட்' வழியே இணைத்தால் மாறாமல் போகும். பத்து நிமிடப் பேட்டி 58 மெகாபைட். சிக்னல் நோஞ்சானாக இருந்தால் 128 கிலோபிட் மோனோ எம்பி3 ஆக்குங்கள், அதே பத்து நிமிடம் 10 மெகாபைட்டுக்குள் அடங்கும்.

விருந்தினர் தொலைவில், நீங்கள் ஸ்டுடியோவில் என்றால், இரட்டைப் பதிவு உத்தி உண்டு. இருவரும் அழைப்பில் பேசிக்கொள்ளுங்கள்; ஆனால் அவர் வீட்டில் இன்னொரு ஃபோன் ஒரு சாண் தூரத்தில் அவர் குரலைப் பதியட்டும். அவர் இயர்போனில் கேட்க வேண்டும், ஸ்பீக்கரில் அல்ல. தொடக்கத்திலும் முடிவிலும் அவர் ஒருமுறை கைதட்டினால் இரண்டு பதிவையும் பொருத்துவது எளிது. இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. மணிக்கணக்கான பேட்டியில் கடைசியில் சிறிது விலகியிருக்கும். அதற்குத்தான் இரண்டாவது கைதட்டல்.

நேரலை: எந்த ஆப்?

இன்று இந்த வேலைக்குப் பயன்படும் ஆப்கள் பெரும்பாலும் ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் இயங்குகின்றன. 2012-ல் திறந்த தரமாக வந்தது. 64 கிலோபிட் மோனோவிலேயே பேச்சு பண்பலைக்குப் போதுமான தரத்தில் வரும். கணக்குக்கு ஒரு மணி நேரத்துக்கு 28.8 மெகாபைட், ஸ்டுடியோவிலிருந்து திரும்பி வரும் ஒலி, டேட்டாவைப் பொட்டலம் கட்டி அனுப்புவதில் சேரும் கூடுதல் எல்லாம் சேர்த்து 100 மெகாபைட் ஒதுக்கினால் தாராளம். ஆகவே வேகம் பிரச்சினையே இல்லை. சீராக வருவதுதான் பிரச்சினை.

கைவசம் உள்ளவற்றில் எளிது கிளீன்ஃபீட். ஸ்டுடியோ கணினியில் குரோம் உலாவியில் திறந்து, களத்தில் இருப்பவருக்கு ஒரு லிங்க் அனுப்பினால் போதும். அவர் ஃபோன் உலாவியில் தொட்டதும் வந்துவிடுவார். எதையும் நிறுவத் தெரியாத விருந்தினருக்கு இதைவிட வசதியானது இல்லை. இலவசத் திட்டமும் கட்டணத் திட்டமும் உண்டு. உங்கள் பயன்பாடு எதில் வரும் என்று நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள்.

முழு இலவசம் வேண்டுமென்றால் சோனோபஸ். திறந்த மூலம், ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஒரு குழுப் பெயரும் கடவுச்சொல்லும் இரு பக்கமும் போட்டால் இணையும். எதிரொலி நீக்கி இல்லாததால் இசையும் சுற்றுப்புற ஓசையும் சிதையாமல் வரும். அதே காரணத்தால் ஹெட்போன் கட்டாயம். இதில் ஒரு முள் உண்டு. ஒலி இடைச் சர்வர் வழியாகப் போகாமல் இரண்டு கருவிகளுக்கிடையே நேரடியாகப் போகிறது. மொபைல் நிறுவனங்கள் பல பயனருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிப்பதால் சில சமயம் பெயர் திரையில் தெரியும், குரல் வராது. ஸ்டுடியோ ரவுட்டரில் ஒரு யூ.டி.பி போர்ட்டை (டேட்டா உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்து, அதே எண்ணை ஸ்டுடியோ கணினியின் சோனோபஸிலும் கொடுத்தால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் கிளீன்ஃபீடுக்குப் போங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

டைலைன், காம்ரெக்ஸ் போன்ற நிறுவனங்களின் கோடெக் பெட்டி (ஒலியைச் சுருக்கி இணையம் வழியே அனுப்பி வாங்கும் கருவி) நிலையத்தில் இருந்தால் அவற்றுக்கான ஃபோன் ஆப்களே சிறந்தவை. லூசி லைவ் என்ற ஆப்பும் தொழில்முறை வானொலிகளில் புழங்குகிறது. சிறு நிலையத்துக்கு இவை இல்லாமல் குறையொன்றுமில்லை.

ஸ்டுடியோ பக்கம்: தன் குரல் திரும்பி வராமல்

நிருபர் நேரலையில் திக்கித் திணறுகிறாரா? அவர் காதில் அவர் குரலே அரை நொடி கழித்துக் கேட்டுக்கொண்டிருக்கும். தாமதித்து வரும் தன் குரலைக் கேட்டபடி பேசுவது எவருக்கும் கடினம். அவருக்கு அனுப்ப வேண்டியது 'எல்லாம், அவர் குரல் நீங்கலாக'. ஒலிப்பொறியாளர்கள் இதை மிக்ஸ்-மைனஸ் என்பார்கள்.

சிறு யூ.எஸ்.பி மிக்சர்கள் பலவற்றில் யூ.எஸ்.பி வழியே கணினிக்குப் போவது முதன்மைக் கலவை, அதாவது நிருபர் குரலும் சேர்ந்தது. எனவே யூ.எஸ்.பி வழியைத் திருப்பி அனுப்பப் பயன்படுத்தாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்:

1. கணினியின் ஹெட்போன் அவுட்டை மிக்சரின் ஒரு தனிச் சேனலுக்குக் கொண்டுவாருங்கள். இது நிருபர் சேனல்.
2. மிக்சரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (தனிக் கலவை ஒன்றை வெளியே தரும் துளை) ஒரு ஒயரைக் கணினியோடு இணைத்த மலிவு யூ.எஸ்.பி சவுண்ட் கார்டின் இன்புட்டுக்குக் கொடுங்கள். ஆப்பில் மைக்காக அந்தச் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் இன்புட் மைக்குக்கானதாக இருந்தால் ஆக்ஸ் அளவை மிகக் கீழே வைத்துத் தொடங்குங்கள்.
3. தொகுப்பாளர் மைக், பாட்டு ஆகிய சேனல்களின் ஆக்ஸ் திருகை மேலே ஏற்றுங்கள். நிருபர் சேனலின் ஆக்ஸ் திருகு பூஜ்யத்தில். இந்த ஒரு திருகுதான் மொத்த விஷயமும்; அதன்மேல் சிவப்பு டேப் ஒட்டிவையுங்கள்.
4. ஆக்ஸை ஃபேடருக்கு (சேனலின் ஒலியை ஏற்றி இறக்கும் நழுவுபிடி) முந்தைய நிலையில் வையுங்கள். அப்போதுதான் ஃபேடர் இறங்கியிருந்தாலும் 'இன்னும் இரண்டு நிமிடம்' என்று நிருபரிடம் சொல்ல முடியும்.
5. கணினியின் அறிவிப்பு ஒலிகளை அணையுங்கள். ஈமெயில் வந்த 'டிங்' ஊர் முழுக்கக் கேட்கும்.

தாமதத்தை முழுக்க ஒழிக்க முடியாது. உரையாடல் இயல்பாக ஓட ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது தொலைத்தொடர்பு அளவுகோல். 4ஜி-யில் ஒலி திக்காமல் வர, ஆப் அதைக் கொஞ்சம் சேர்த்துவைத்து விட வேண்டியிருக்கிறது. தாமதம் 200 முதல் 300 மில்லிநொடி வரை போகும். நிருபர் மட்டும் பேசும் வர்ணனைக்கு ஒரு நொடி வைத்தாலும் பாதகமில்லை. உரையாடலில் தொகுப்பாளர் 'ம்ம்', 'சரி', 'ஆமாங்க' போடுவதை நிறுத்த வேண்டும். அது அடுத்த வாக்கியத்தின் தலையில் போய் விழும். கேள்வியைக் கேள்வியாகவே முடித்துவிட்டு வாய் மூடுவது, பழகினால் வரும்.

ஃபோனைத் தயார்ப்படுத்துதல்

நேரலை நடுவே அழைப்பு வந்தால் ஆப்பின் மைக் பறிபோகும். 'தொந்தரவு செய்யாதே' வசதி மணியை அடக்கும், ஆனால் எல்லா ஃபோனிலும் அதை நம்ப முடியாது. அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் யூ.எஸ்.எஸ்.டி (நட்சத்திரக் குறியோடு எண் அழுத்தும்) முறை இந்தியாவில் 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தப்பட்டது, எனவே பழைய குறிப்பேட்டில் எழுதிவைத்த நட்சத்திரக் குறிகள் உதவாது. உறுதியான வழி இரண்டு ஃபோன். பேசும் ஃபோன் ஏரோப்ளேன் மோடில், வைஃபை மட்டும் போட்டு. இரண்டாவது ஃபோன் ஹாட்ஸ்பாட். இரண்டாவதில் உள்ள சிம் வோல்ட்இ-யில் இயங்க வேண்டும். இல்லையென்றால் அதற்கு ஒரு அழைப்பு வந்ததும் 2ஜி-க்கு இறங்கி டேட்டா நின்றுவிடும். இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மை: 2ஜி-யில் ஃபோன் நொடிக்கு 217 துடிப்புகளாக சிக்னல் அனுப்பும்போது மைக் ஒயரில் ஏறும் 'டர்ர்ர்' சத்தமும் அண்டாது. ஹாட்ஸ்பாட் ஃபோனை மட்டும் மைக் ஒயரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிவையுங்கள்.

ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பை 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் சிஸ்டம் அதைத் தூங்கவைக்கும். திரை அணையும் நேரத்தையும் நீட்டிவையுங்கள். சார்ஜுக்குப் பவர் பேங்க். சுவர்ச் சார்ஜர் சிலவற்றிலிருந்து 'உம்' என்ற முனகல் ஒலியில் கலக்கும். வெயிலில் ஃபோனைக் கையில் பிடித்து நிற்காதீர்கள். ஐஃபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப எல்லையே 35 டிகிரிதான், சித்திரைத் தேர் நாளில் நிழலிலேயே அதைத் தாண்டும். சூடேறினால் வேகம் குறையும், ஒலி விட்டுவிட்டு வரும். ஈரத்துணி மேல் வைக்காமல், வெறும் நிழலில் குடையடியில் வைத்தாலே போதும்.

ஒலி அனுப்பும்போதே அதே ஃபோனில் வேறொரு ஆப்பில் பதிவுசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ஆப்புக்குத்தான் மைக்கைத் தரும். மற்றொன்று மௌனத்தைப் பதிந்துகொண்டிருக்கும். காப்புப் பதிவை ஸ்டுடியோவிலோ சோனோபஸின் உள்ளேயே உள்ள பதிவு வசதியிலோ எடுங்கள்.

கூட்டமும் சிக்னலும்

திருவிழா இடத்தை முதல் நாள் போய்ச் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மறுநாள் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பும்போது ஃபோனிலிருந்து செல்ஃபோன் கோபுரத்துக்கு டேட்டா ஏறும் வழி அடைபடும்; திரையில் நான்கு கோடு நிற்கும், ஒலி நகராது. வேகச் சோதனையில் பதிவிறக்க எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். பதிவேற்ற எண்ணும், பிங் (டேட்டா போய்த் திரும்பும் நேரம், மில்லிநொடியில்) எவ்வளவு குதிக்கிறது என்பதும்தான் முக்கியம். பிங் 60-லிருந்து 400-க்குத் துள்ளினால் அந்த இடம் ஆகாது. வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று கையில் இருக்கட்டும். தேர்வீதிக் கடையொன்றின் பிராட்பேண்டைக் கேட்டு வாங்கினால் அதுவே ராஜா. 5ஜி ஓரமாக மட்டும் கிடைக்கும் இடத்தில் நெட்வொர்க்கை 4ஜி-க்குப் பூட்டிவிடுங்கள், இரண்டுக்கும் மாறி மாறித் தாவும்போது ஒலி அறுபடும்.

டீக்கடை ரேடியோவையும் கவனியுங்கள். உங்கள் நிலையத்தையே அவர் சத்தமாக வைத்திருந்தால் பெருமைதான், ஆனால் அது உங்கள் மைக்கில் ஏறி எதிரொலிக்கும். ஐந்து நிமிடம் குறைக்கச் சொன்னால் குறைப்பார்.

நேரலைக்கு அரை மணி முன் இணைந்து, இணைப்பை அப்படியே விடுங்கள். பத்து நிமிடம் முன் ஒலி அளவு பார்த்து, தொகுப்பாளரும் நிருபரும் முதல் கேள்வியையும் கடைசி வாக்கியத்தையும் பேசி வையுங்கள். அறுந்தால் என்ன செய்வது என்பதும் அப்போதே முடிவாக வேண்டும்: பத்து நொடி மௌனம் வந்தால் தொகுப்பாளர் பேச்சை எடுத்துக்கொள்வார், தயாராக வைத்த பாட்டு ஓடும், அதற்குள் நிருபர் ஹாட்ஸ்பாட் ஃபோனிலிருந்து சாதாரண அழைப்பில் வருவார். ஸ்டுடியோ எண் தாளில் எழுதிச் சட்டைப்பையில் இருக்கட்டும். புயல் நாளுக்கு இதெல்லாம் பொருந்தாது. 2018 நவம்பரில் கஜா கரை கடந்தபோது டெல்டாவில் மின்சாரமும் செல்ஃபோன் கோபுரங்களும் சேர்ந்தே படுத்தன. அந்த மாதிரி நாளில் ஃபோன் வெறும் பதிவுக் கருவி, அதை நிலையத்துக்குக் கொண்டுபோவது மோட்டார் சைக்கிள்.

முடிந்த பிறகு ஸ்டுடியோப் பதிவைத் தேதியிட்டுச் சேமியுங்கள்; சமுதாய வானொலிகள் ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. காலர் மைக் ஸ்விட்சைப் பாருங்கள், கேமரா நிலையில் கிடந்தால் அடுத்த முறைக்குள் உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். ஹாட்ஸ்பாட்டை அணைத்து, ஏரோப்ளேன் மோடையும் எடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்து இதற்குள் நாலு முறை கூப்பிட்டிருப்பார்கள்.